பதினாறு நீரூற்றுகளும் ஒரு பெரியப்பாவும்

இடிந்து கிடக்கும் ஓர் ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் விருந்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியதோ! பெருவில் குஸ்கோ நகரை அடுத்த போரோயிலிருந்து மச்சு பிச்சுவுக்குப் போகும் சொகுசு ரயில் அப்படிப்பட்டது. நீலமும் பொன்னிறமுமான பெட்டிகள், மெருகேற்றிய மரவேலைப்பாடு, வெள்ளை மேசைவிரிப்பு, கடைசிப் பெட்டியில் பாட்டுக் கச்சேரி. 1911-இல் அந்த இடத்தை வெளியுலகுக்குத் தெரியப்படுத்திய ஹைரம் பிங்கமின் பெயரையே ரயிலுக்கு வைத்திருக்கிறார்கள். பாவம், அவர் கடைசி மலையை ஏறியது புல்லைப் பிடித்துக்கொண்டும் தவழ்ந்தும்.

என்னுடன் வந்தவர் பெரியப்பா. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நிலையத்தில் பூப்போட்ட பாவாடைகள் சுழல வரவேற்பு நடனம் நடந்தபோது இவர் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூன்றடி கேஜ். நம் மீட்டர் கேஜைவிடக் குறுகல்."

914 மில்லிமீட்டர். சரியாகத்தான் சொன்னார். என்னைக் கேட்டால் அவர் வந்த காரியம் அங்கேயே முடிந்துவிட்டது, திரும்பியிருக்கலாம்.

குஸ்கோ ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய் இறங்கியதுமே தலை கனக்கும், மூச்சு வாங்கும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், கோக்கா இலைத் தேநீர் குடியுங்கள் என்று காண்போர் எல்லாம் சொல்வார்கள். யார் எந்த விதியைச் சொன்னாலும் பெரியப்பா கடைப்பிடிப்பார். வேடிக்கை என்னவென்றால், மலைக்குப் போகிறோம் என்று ஏறினால் இந்த ரயில் இறங்கிக்கொண்டே போகிறது. மச்சு பிச்சு குஸ்கோவைவிட ஆயிரம் மீட்டர் அளவுக்குத் தாழ்வு. கீழே போகப் போக மூச்சு சீராகிவிடும். இதை எடுத்துச் சொன்னேன். "முன்னெச்சரிக்கையில் என்ன தப்பு?" என்று அடுத்த கோப்பையை நீட்டினார்.

பிஸ்கோ சாவர் வந்தது. அது மது, அதில் முட்டையின் வெள்ளைக்கரு வேறு சேர்த்திருக்கிறது என்று அறிந்து, இரண்டு காரணங்களுக்காகவும் மறுத்தார். பதிலுக்குப் பழச்சாறு வாங்கிக்கொண்டார். பிறகு சூப். பிறகு மறுபடியும் தேநீர். டிக்கெட் விலையை அவர் மறக்கவில்லை என்பது ஒவ்வொரு மிடறிலும் தெரிந்தது.

வழியில் ஒல்லன்டாய்டாம்போ என்ற ஊரைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு நெருங்கி வந்தது. ஒரு பக்கம் உருபாம்பா ஆறு பாறைகளில் மோதி நுரைத்தது. இன்னொரு பக்கம், கழுத்தை ஒடித்துப் பார்த்தால்தான் மலையின் உச்சி. திறந்த பால்கனியை விட்டு உள்ளே வர யாருக்கும் மனம் வராது. வரவேண்டிய அவசியம் இருந்தும் பெரியப்பா வரவில்லை. ஒற்றைப் பாதை என்பதால் எதிர் வண்டிக்கு வழிவிட ஓரிடத்தில் ரயில் நின்றது.

"இப்போதாவது போய்விட்டு வாருங்கள், பெரியப்பா."

"வண்டி நிற்கும்போது கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. நானே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன் தெரியுமா?"

வண்டி ஓடினால் காட்சி விடாது, நின்றால் சட்டம் விடாது. அப்படியே மலையடிவார ஊர் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் அரை மணி நேரம், அதுவும் குலுங்கிக் குலுங்கி. ஒவ்வொரு வளைவிலும் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நான் ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்தேன். பள்ளம் பரவாயில்லை.

நுழைவாயிலில் வழிகாட்டி தெளிவாகச் சொன்னார்: கழிப்பறை வெளியே மட்டும்தான், உள்ளே கிடையாது, ஒருவழிப் பாதை, வந்த வழியே திரும்ப முடியாது. கழிப்பறை வரிசை நீளமாக இருந்தது. எங்கள் குழுவுக்கு உள்ளே போகும் நேரம் வந்துவிட்டது. குழுவை விட்டுப் பிரிவது பெரியப்பாவின் அகராதியில் இல்லை.

உள்ளே போனதும் எல்லோரும் வாயடைத்து நின்றார்கள். 15-ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் சாந்து இல்லாமல் அடுக்கிய கல், ஊசி நுழைய இடமில்லை. படிப்படியாக இறங்கும் மேடைகள், பின்னால் வைனா பிச்சு மலையின் கூர்முனை, இடையில் நகரும் மேகம். நான் எடுத்த படங்களில் இவை எல்லாம் இருக்கின்றன. முன்னால் கால்களைப் பின்னிக்கொண்டு ஒருவர் நிற்கிறார்.

வழிகாட்டி நீரியலில் ஆர்வம் உள்ளவர். வேறு நாளாக இருந்தால் நானே ரசித்துக் கேட்டிருப்பேன். மலைச்சரிவின் ஊற்றிலிருந்து முக்கால் கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி, சரியான சாய்வில் கொண்டுவந்து, பதினாறு நீரூற்றுகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக விழும்படி அமைத்திருக்கிறார்கள். இன்றும் தண்ணீர் ஓடுகிறது. "கண்களை மூடுங்கள், அந்த ஓசையைக் கேளுங்கள்," என்றார். சலசல, சலசல. பெரியப்பா கண்களோடு சேர்த்துப் பல்லையும் இறுக்கி மூடிக்கொண்டார்.

அடுத்தது அரசரின் மாளிகை. அதில் ஒரு சிறிய அறையைக் காட்டி, இது அரசரின் அந்தரங்கக் கழிப்பறையாக இருந்திருக்கலாம் என்றார் வழிகாட்டி. பெரியப்பா அதைப் பார்த்த பார்வையில் தொல்லியல் துளியும் இல்லை. அந்த நேரம் பார்த்து, மேடையில் மேய்ந்துகொண்டிருந்த லாமா ஒன்று அத்தனை பேர் முன்னிலையில் சாவகாசமாகத் தன் வேலையை முடித்தது. சுவரில் சாய்ந்தாலே விசில் ஊதும் காவலர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"அதற்கு டிக்கெட்டும் கிடையாது," என்றார் பெரியப்பா, பல்லிடுக்கில்.

சூரியக் கோயிலைப் பற்றிய விளக்கம் தொடங்கியபோது அவர் வெளியேறும் பாதையில் மறைந்துவிட்டார். நான் பின்னால் ஓடிச் சேர்ந்தபோது கழிப்பறை வாசலில் நின்று கையால் பேசிக்கொண்டிருந்தார். கட்டணம் பெரு நாட்டுப் பணத்தில் இரண்டு சோல். சாப்பாடு, பாட்டு, பஸ், வழிகாட்டி, வாசலருகே ஓட்டலில் மாலைத் தேநீர் என்று எல்லாம் அடங்கிய டிக்கெட்டில் இது மட்டும் அடங்கவில்லை. என் சில்லறையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். பிங்கமை மலைமேல் அழைத்துப் போன மெல்சோர் ஆர்டியாகா என்ற விவசாயிக்குக் கிடைத்ததே ஒரு சோல்தான்.

இரவு, திரும்பும் ரயிலில் விருந்து நடுவே வண்டி மறுபடியும் நின்றது. பணியாளர் குனிந்து, ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். பெரியப்பா தயங்கித் தயங்கி விசாரித்தார். நிற்கும்போதும் தாராளமாகப் போகலாம் ஐயா, தடையே இல்லை என்று பதில் வந்தது.

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதை எழுதிப் போட வேண்டாமா? எந்த ஊர் ரயில்வே இது!"