கொறங்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பு

முகாமை விட்டு வெளியே வந்து காங்கேயம் பக்கம் வாடகை வீடு எடுத்தபோது, பேச்சு, சாப்பாடு எல்லாவற்றையும்விட முதலில் மனதுக்கு ஒட்டியது இங்கத்தைய வேலிகள்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வளவைச் சுற்றி நின்றது கிளுவை. இங்கே முள்கிளுவை. அதை நெருக்கமாக நட்டு மேய்ச்சல் நிலத்தை அடைத்திருக்கிறார்கள். இதுதான் கொறங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். மாட்டை விட்டுப் படலைச் சாத்தினால் மேய்க்க ஆள் தேவையில்லை. புல் காய்ந்த மாதங்களில் உதிர்கிற வெள்வேலங்காய்தான் தீனி. மழை குறைந்த இந்த மண்ணில் காங்கேயம் மாடு நிலைத்து நிற்பதில் இந்தக் காடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பராமரிப்பு விட்டுப்போன கொறங்காடுகளில் சீமைக் கருவேலம் என்ற வெளிநாட்டு முள்மரம் புகுந்துவிடுகிறது. எங்கள் தெருக்காரர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எடுக்கப் போவார்கள், நானும் சேர்ந்துகொண்டேன். நான் அரிவாளோடு போனதைப் பார்த்து வீட்டுக்கார ஆத்தா சிரித்தார். "மேலாப்புல வெட்டினா மறுக்கா துளுக்கும் அம்மிணி, வேரோட எடுக்கோணும்." சின்னக் கன்றை மழை ஈரத்தில் கடப்பாறையால் நெம்பி எடுத்துவிடலாம். பெரிய மரத்துக்குப் பொக்லைன்தான். வாடகைக்கு எல்லாரும் காசு போடுவார்கள்.

அதோடு வேலை முடியாது. இனிப்பான அதன் காயை ஆடுமாடு தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பிவிடும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும் ஊரூராக வெட்டினார்கள், வெட்டிய பல இடங்களில் திரும்பவும் முளைத்துவிட்டது. 2022இல் தமிழக அரசு இப்படிப் பரவி ஆக்கிரமிக்கும் அயல் தாவரங்களை அகற்றவென்று கொள்கை கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனால் எடுத்த இடத்தில் புல் விதைத்து, அடுத்த சில வருடம் முளைப்பைப் பிடுங்க உள்ளூரில் ஆள் இல்லாவிட்டால் பொக்லைனுக்குக் கொடுத்தது வீண் காசுதான்.

பார்த்தீனியம் என்ற களைச்செடி எனக்கு ஊரிலேயே தெரிந்த எதிரி. இந்திய அமைதிப்படைக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு அது எங்கள் பக்கம் வந்தது என்பார்கள். அதை இங்கே சொன்னதும், "எங்களுக்கு அமெரிக்காக் கோதுமையோட வந்துச்சுங்க" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். அப்புறம் கையுறை போட்டுக்கொண்டு, பூக்கும் முன் பிடுங்கினோம். வெறுங்கையால் தொட்டால் அரிப்பு சிலருக்கு லேசில் விடாது.

புறம்போக்கு நிலத்தில் உள்ள சீமைக் கருவேலத்தை என்ன செய்வது என்பதில்தான் இன்னும் இழுபறி. அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. முதலில் கொறங்காடுகளை முடிப்போம், மற்றதை அவர்களையும் உட்காரவைத்துப் பேசுவோம் என்பது என் கட்சி. அண்ணனுக்கு அதில் சம்மதமில்லை, ஒரேயடியாக எடுத்துவிடவேண்டும் என்கிறார்.