ஒன்றுக்குப் பன்னிரண்டு: நடைபாதைச் சாய்தளத்தை அளந்து பார்ப்பது

கொத்தனார் பூச்சு வேலைக்கு வைத்திருக்கும் அலுமினிய மட்டப்பலகை, 1.2 மீட்டர் நீளத்தில் ஒன்று வேண்டும். கூடவே ஒரு ரசமட்டம், ஒரு டேப். தெருமுனையில் சக்கர நாற்காலி நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் சாய்தளத்தின் மேல்பக்கம் பலகையின் ஒரு முனையை ஊன்றி, ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையே 10 சென்டிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் சாய்தளம் சரி. 15, 20 என்று வந்தால் அது சறுக்குமரம். சாய்தளம் பலகை நீளத்துக்கே இல்லை, நடைபாதையின் உயரமோ 10 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் அளக்கும் வேலையே மிச்சம், அது தேறாது.

இந்தக் கணக்குதான் 1:12. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். கோணத்தில் சொன்னால் 5 டிகிரிக்குச் சற்றுக் குறைவு, அதனால் செல்போனில் உள்ள கோண அளவி ஆப்பும் உதவும். பலகையைக் குறுக்காகவும் ஒருமுறை வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சரிவு 1:50-க்குள், அதாவது 1.2 மீட்டருக்கு 2.4 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மழைநீர் வடிய அந்த அளவு போதும். அதைத் தாண்டினால் சக்கர நாற்காலி தானாகவே ரோட்டுப் பக்கம் இழுக்கும். ஓட்டுபவர் ஒரு கையால் தள்ளி, மறு கையால் பிரேக் பிடித்தபடியே போக வேண்டியிருக்கும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் 18 கிலோ நாற்காலியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 88 கிலோ. 1:12 சரிவில் அவரைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏழு கிலோவுக்குச் சற்று மேல். 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு 60 சென்டிமீட்டரில் சாய்தளம் போட்டால் சரிவு 1:4, இழுவை 21 கிலோ. கையால் சக்கரத்தைத் தள்ளுபவருக்கு இது சிரமம் என்பதோடு நிற்காது. நாற்காலியின் எடை பின்பக்கம் சாய்ந்து, முன்சக்கரம் தூக்கி, ஆள் மல்லாந்து விழ வாய்ப்பு உண்டு. இறங்கும்போது வேறு தொல்லை. ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருப்பதால் செங்குத்தாக இறங்கும் நாற்காலியின் கால்தாங்கி எதிர்ச்சரிவில் இடித்து நிற்கும். உடல் மட்டும் முன்னே போகும்.

சரி, இவ்வளவு எளிய கணக்கு ஏன் தப்பாகிறது? சென்னையில் பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிதான் நடைபாதை. வடிகாலின் மட்டம் நீரோட்டத்தைப் பார்த்து முடிவாகிறது, நடப்பவரைப் பார்த்து அல்ல. ரோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் அது வந்து நின்றால் 1:12 கணக்குக்கு 3.6 மீட்டர் சாய்தளம் வேண்டும். தெருமுனையில் அவ்வளவு இடம் ஏது? மேஸ்திரி இருக்கிற இடத்துக்குள் முடிப்பார். எஸ்டிமேட்டில் ‘சாய்தளம்’ என்று மட்டும் எழுதி, சரிவையும் நீளத்தையும் எழுதாமல் விட்டால், முடிவெடுப்பது அவர்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் கேட்கிறது. உயரத்தை மட்டும் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை கரைந்துவிடும். 15 சென்டிமீட்டருக்கு 1.8 மீட்டர் சாய்தளம் போதும்.

அந்த 1.8 மீட்டரை எந்தத் திசையில் போடுவது என்பதில்தான் அனுபவம் வேலை செய்கிறது. நடைபாதை 3 மீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால் ரோட்டை நோக்கி நேராக இறக்கலாம். அப்படி இறக்கும்போது மேலே 1.2 மீட்டராவது சமதளம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் ரோட்டைக் கடக்காமல் நேரே நடந்து போகிறவரும் அந்தச் சரிவில் கோணலாக ஏறி இறங்க வேண்டிவரும். இருபக்கத்தையும் சுவர்போல வெட்டாமல், 1:10 அளவில் சரித்து இறக்கினால் யாரும் கால் தடுக்கி விழமாட்டார்கள். அகலம் 1.5 மீட்டர்தான் என்றால் நேர்ச்சாய்தளத்தை மறந்துவிடுங்கள். நடைபாதையையே முழு அகலத்துக்கும் இருபுறத்திலிருந்தும் மெல்லத் தாழ்த்தி, கடக்கும் இடத்தில் ரோட்டு மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் வழி. மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: குறுக்குத்தெரு முனையில் ரோட்டையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திவிடுவது. நடப்பவர் இறங்கவே வேண்டாம், வண்டிதான் ஏறி இறங்கும். வேகத்தடை தனியாகப் போட வேண்டிய அவசியமும் இருக்காது. நீர் தேங்காமல் இருக்க உயர்த்திய பகுதியின் இருபுறமும் வடிகால் வாய் வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் முதல் மழையிலேயே கெட்ட பெயர் வாங்கி, அடுத்த வாரம் உடைத்து எடுக்கப்படும்.

வடிகால் கம்பி மூடியைச் சாய்தளத்தின் அடியில் வைப்பது இன்னொரு வழக்கமான பிழை. தவிர்க்க முடியாவிட்டால் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும், இடைவெளி 12 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். நாற்காலியின் சின்ன முன்சக்கரமும் ஊன்றுகோலின் நுனியும் அதற்கு மேற்பட்ட சந்தில் இறங்கிவிடும்.

வீட்டு வாசல்கள் தனிக் கதை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கார் ஏற்றுவதற்காக நடைபாதையை வெட்டித் தாழ்த்த, நீளமாகப் போக வேண்டிய பாதை அலையலையாகிவிடுகிறது. கார் செங்குத்தான சரிவிலும் ஏறும், நாற்காலி ஏறாது. ஆகவே நடக்கும் பகுதி ஒரே மட்டத்தில் ஓடட்டும்; ரோட்டோரத்தில் மரமும் விளக்குக் கம்பமும் நிற்கும் 40–60 சென்டிமீட்டர் பட்டையில் மட்டும் காருக்கான சரிவு முடியட்டும்.

பைக்குகள் நடைபாதையில் ஏறுவதைத் தடுக்கக் கம்பங்கள் நடுகிறார்கள். சக்கர நாற்காலியின் அகலம் 65–70 சென்டிமீட்டர், ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாற்காலி நுழையும் எந்தச் சந்திலும் ஸ்கூட்டர் நுழையும். ஸ்கூட்டரைத் தடுக்கும் எந்தச் சந்தும் நாற்காலியைத் தடுக்கும். கம்பத்தால் தீராத சிக்கல் இது, அபராதத்தால்தான் தீரும். கம்பம் நட்டே ஆக வேண்டுமென்றால் இடைவெளி 1.2 மீட்டர், அது கார் ஏறுவதைத் தடுக்கும், அவ்வளவே. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை அரசே மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்குகிறது. சாதாரண டூவீலர் நிறுத்தக் கட்டத்தில் அவை அடங்காது, இறங்கி நாற்காலிக்கோ ஊன்றுகோலுக்கோ மாறப் பக்கத்தில் இடமும் வேண்டும். அலுவலக வாகன நிறுத்தங்களில் இதை நினைத்துக் கோடு போட்டவர்கள் குறைவு.

நாற்காலிக்கு ரோடும் நடைபாதையும் ஒரே மட்டமாக இணைவது நல்லது. பார்வையற்றவருக்கோ அங்கேதான் ஆபத்து. வெள்ளைக்கோலுக்கு விளிம்பு தட்டுப்படாது, நடுரோட்டுக்கு வந்தபின்தான் தெரியும். அதற்காகத்தான் டாக்டைல் டைல்ஸ், காலும் கோலும் தொட்டு உணரும் புடைப்புள்ள டைல்கள். ஜப்பானியரான மியாக்கே செய்ச்சி உருவாக்கிய இந்த முறை 1967-இல் ஒகயாமா நகரில்தான் முதலில் தரையில் பதிக்கப்பட்டது. நீளக் கோடுகள் உள்ள டைல் என்றால் ‘இந்தத் திசையில் போ’. வட்டப் புள்ளிகள் உள்ள டைல் என்றால் ‘நில், முன்னே ஏதோ இருக்கிறது’. இரண்டுதான் எழுத்து. நம் ஊரில் அழகுக்காக இரண்டையும் மாற்றி மாற்றிப் பதித்து வைத்திருப்பதைப் பார்த்தால், சிக்னல் விளக்கில் சிவப்புக்கும் பச்சைக்கும் பதில் பிடித்த நிறத்தைப் போட்டது மாதிரி இருக்கிறது.

புள்ளி டைல் வேண்டிய இடங்கள்: ரோட்டில் இறங்குவதற்கு முன், படிக்கு முன், கோட்டுப் பாதை திரும்பும் முனையில். டைல் 30 சென்டிமீட்டர் சதுரம், புள்ளியின் உயரம் 5 மில்லிமீட்டர். கோட்டுப் பாதையின் இருபுறமும் 60 சென்டிமீட்டர் வரை எதுவும் நிற்கக்கூடாது. ஈ.பி. பெட்டியோ மரமோ குறுக்கே வந்தால் அதைச் சுற்றி டைலை வளைக்காமல், முதலிலேயே பாதையைத் தள்ளி நேராகப் போட வேண்டும். மேன்ஹோல் மூடி வந்தால் மூடியின் மேலும் அதே டைல் தொடர வேண்டும். பளபளக்கும் செராமிக் வேண்டாம், மழையில் வழுக்கும். மஞ்சள் நிறம் அலங்காரம் அல்ல. மங்கலான பார்வை உள்ளவர்கள் அந்த நிற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். சாம்பல் தரையில் சாம்பல் டைல் பதித்தால் அவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். சென்னையில் மாநகர் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டில் மீண்டும் தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியது. தளத்தின் உயரம் 40 சென்டிமீட்டர், நிறுத்தத்தில் இன்னும் சற்றுத் தாழும். ஆனால் பேருந்து மட்டும் தாழ்ந்தால் போதாது. கதவிலிருந்து ஒரு மீட்டர் பலகை இறக்குவதாக வைத்துக்கொண்டால், 15 சென்டிமீட்டர் மேடையில் அது அமரும்போது சரிவு 1:4. உதவியாளர் தள்ளி ஏற்றிவிடலாம். ஓட்டுநர் மேடையை விட்டுத் தள்ளி நிறுத்தினால் பலகை ரோட்டில் இறங்கும், சரிவு 1:2.5. அது யாராலும் ஆகாது. மேடையை ஒட்டி நிறுத்த முடியாததற்குப் பெரும்பாலும் காரணம் ஓட்டுநர் அல்ல. நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோக்களும் கார்களும்தான்.

மெரினாவில் கடல் வரை போகும் 263 மீட்டர் மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். புயல் வருடத்துக்கு ஒருமுறை, மணல் தினமும். பலகை மேல் சேரும் மணலைப் பெருக்காவிட்டால் பாதை இருந்தும் சக்கரம் உருளாது. கட்டும் செலவோடு பெருக்கும் ஆளின் சம்பளத்தையும் எழுதாத திட்டம் எதுவும் முழுத் திட்டம் ஆகாது.

சட்டம் போதுமான அளவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 44: அணுகல் விதிகளுக்கு உட்படாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதியோ, கட்டிய பின் பணி நிறைவுச் சான்றோ தரக்கூடாது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்ற 2017-இல் தரப்பட்ட ஐந்தாண்டு அவகாசமும் 2022-இல் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த, அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 15(1) விதியைச் செல்லாது என்று சொல்லி, மீற முடியாத கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. ஆகவே வார்டு பொறியாளரிடம் பேசும்போது ‘தயவுசெய்து’ தேவையில்லை, அளவு போதும். பேச வேண்டிய நேரமும் முக்கியம். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன், அச்சுப் பலகை அடித்திருக்கும்போதே மட்டப்பலகையை வைத்துக் காட்டினால் அரைமணி நேர வேலை. ஊற்றியபின் அது இன்னொரு டெண்டர்.

கட்டியதோடு ஆயிற்று என்றும் விட முடியாது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே 4–5 சென்டிமீட்டர் புதுத் தார் போட்டால், சாய்தளத்தின் அடியில் எதிரே ஒரு திட்டு எழும்பும். அரை அங்குலத் திட்டே முன்சக்கரத்தை நிறுத்திவிடும், நடுவில் உண்டாகும் பள்ளத்தில் தண்ணீரும் நிற்கும். ரோடு போடும் இரவு அங்கே நின்று, தார் சூடாக இருக்கும்போதே சாய்தளத்தின் முன் மட்டும் மண்வெட்டியால் சீவிச் சமமாக்கச் சொல்லுங்கள். விடிந்துவிட்டால் கட்டர் மெஷின் கொண்டுவர வேண்டும்.