மைக்ரோகிராமிலிருந்து கிலோகிராம் வரை

நானோகிராம், மைக்ரோகிராம், மில்லிகிராம், கிராம், கிலோகிராம் என்ற வரிசையில் ஒவ்வோர் அலகும் தனக்கு முந்தையதைப் போல 1000 மடங்கு என்பதால், பெரிய அலகுக்கு மாற்றும்போது தசமப் புள்ளியை மூன்று இடம் இடப்பக்கமும், சிறிய அலகுக்கு மாற்றும்போது வலப்பக்கமும் நகர்த்தினால் போதும்.

வயது வந்த ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் வைட்டமின் பி12 சுமார் 2.4 மைக்ரோகிராம், அதாவது 0.0024 மில்லிகிராம், அல்லது 0.0000024 கிராம். அந்தக் கணக்குப்படி ஒரே ஒரு கிராம், 1100 ஆண்டுகளுக்கும் மேல் வரும் (அவ்வளவு காலம் யார் இருக்கப்போகிறார்கள் என்பது வேறு விஷயம்). இத்தனை சுழியங்களை எண்ணித் தடுமாறுவதைவிட, 2.4 × 10⁻⁶ கிராம் என்று அடுக்குக்குறியில் எழுதுவதே நல்லது என்பேன்.

மருந்துச் சீட்டில் மைக்ரோகிராமுக்குரிய கிரேக்க எழுத்தான மியூவைத் தவிர்க்கச் சொல்வதற்கும் தக்க காரணம் உண்டு: அவசரக் கையெழுத்தில் அது ‘எம்’ போலத் தெரிந்து மில்லிகிராம் என்று படிக்கப்பட்டால், மருந்தின் அளவு 1000 மடங்காகிவிடும்.