தகர டப்பாவும் பச்சைப் பெட்டியும்

நேற்று சாயங்காலம் சேலம் கண்ணங்குறிச்சி வீட்டுத் திண்ணையில் பழைய தினத்தாளை விரித்து, என் பச்சைப் பெட்டியை அதன்மேல் கவிழ்த்தேன். விடுப்பு முடிகிறது. இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் ரெடிங் ஊருக்குத் திரும்புவதற்குள் தூண்டில் சாமான்களைத் துடைத்து அடுக்க வேண்டும். முள்ளையும் கத்தரியையும் விமானத்தில் கையோடு கொண்டுபோக முடியாது, பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். அதில் அம்மா ஏற்கெனவே தட்டுவடையையும் ஜவ்வரிசி வடாமையும் நிரப்பியாகிவிட்டது. "ஏஞ்சாமி, இந்த முள்ளுக்குப் போயி ரெண்டு கிலோவா?" என்றாள். பதில் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் வடாம்தான் ஜெயிக்கும்.

முதல்முறை இங்கிலாந்து போனபோது நான் எடுத்துப்போனது அப்பாவின் தகர டப்பா. அப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணி, முத்து, திருகாணி எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்க, தகரத்தை வெட்டி அறை அறையாகத் தடுத்த டப்பா அது. மூடி தேய்ந்து பட்டறைக்கு உதவாமல் போனதும் தூண்டில் டப்பா ஆனது. அதற்குள் கட்டையில் சுற்றிய தங்கூசி என்கிற நைலான் இழை, நம்பர் வாரியாக முள், அவரே உருக்கி ஊற்றிய ஈயக்குண்டு. தக்கைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அவை மயிலிறகுத் தண்டில் செய்தவை, மயிலிறகை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது.

நான் போய் இறங்கியது ஒரு மார்ச் மாதக் கடைசி. ஆபீஸில் யாரோடும் பேச்சு ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அறைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தூண்டில் போட அங்கே லைசென்ஸ் வேண்டும், பதின்மூன்று வயதானால் போதும், அது கட்டாயம். அதை ஒழுங்காக வாங்கிக்கொண்டு கென்னட் ஆற்றங்கரைக்குப் போனேன். ரெடிங்கில்தான் அந்த ஆறு தேம்ஸில் கலக்கிறது. டப்பாவைத் திறந்து முள் கட்டிக்கொண்டிருக்கும்போது நாயோடு ஒரு பெரியவர் வந்து நின்றார். குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை, இடத்தைப் பற்றி ஒரு பாராட்டு. அப்புறம், போகிற போக்கில், "ஜூன் 16 வரைக்கும் பொறுக்கணுமே" என்றார். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் கெண்டை முதலான மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது, முட்டையிடும் காலம். லைசென்ஸ் என்பது தூண்டிலுக்குத்தான்; கரை இன்னொருவருடையது, அதற்கு அங்குள்ள கிளப்பில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதையும் அவரே சொன்னார். ஒரே நாளில் இரண்டு தப்பு. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அத்தனை மரியாதையாகச் சொன்னதில் எனக்குக் காது சிவந்துவிட்டது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. டப்பாவை எட்டிப் பார்த்து ஒரு ஈயக்குண்டை விரலில் உருட்டினார். அதுவும் ஆகாதாம். அன்னங்கள் இரையை அரைக்கப் பொடிக்கற்களை விழுங்கும். கரையோரம் விழுந்து கிடக்கும் ஈயத்தையும் கல்லென்று விழுங்கி விஷமேறிச் செத்தன. அதனால் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகளுக்கு 1987 முதல் தடை. இப்போது டங்ஸ்டன் மாதிரி வேறு உலோகத்தில் வருகிறது, விலைதான் கண்ணைக் கட்டும்.

ஜூன் 16 அன்று விடிகாலையில் அவரே கூப்பிட்டுப் பழக்கினார். அந்த நாட்டில் எனக்கு முதல் சினேகிதம் அவர்தான். அவருடைய பெட்டியைத் திறந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறை அறையாக, அப்படியே செவ்வாய்ப்பேட்டை. ஒரு தக்கையை எடுத்துக் காட்டினார், மயிலிறகுத் தண்டு! அங்கேயும் தலைமுறை தலைமுறையாக அதில்தான் செய்கிறார்களாம்.

பழகாதது ஒன்றே ஒன்று. முதல் ரோச் மீன் மாட்டியபோது, எங்கள் ஊர் கெண்டைக் குஞ்சு மாதிரி வெள்ளிக் கணக்காக மின்னியது. கையை நனைத்துக்கொண்டு பிடிக்கச் சொன்னார். உலர்ந்த கை பட்டால் மேல்வழுவழுப்பு உரிந்துவிடுமாம். முள்ளை எடுத்து, திரும்ப ஆற்றில் விட்டார். கிளப் விதி அது, எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. மனசுக்குள் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தேன்.

அப்பாவுக்கு இதை ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்கிறேன். நேற்றும், "பிடிச்சு விடறதுக்கு எதுக்குடா பிடிக்கணும்?" என்றபடியே வந்து உட்கார்ந்தார். நான் முள்களை நம்பர் வரிசையில் வைத்துக்கொண்டிருந்தேன். நம்பர் ஏற ஏற முள் சிறிசாகும், நூலில் கவுண்ட் ஏறினால் இழை மெலிகிற மாதிரி. சேலத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பா எல்லாவற்றையும் கலைத்துவிட்டார். "கடை அலமாரியா இது? கை போற வரிசையில வையி."

அவர் சொன்னது சரி. இருட்டோடு கரையில் உட்கார்ந்தவன் முதலில் தேடுவது தக்கை, அப்புறம் குண்டு, அப்புறம் முள். அந்த வரிசையில் மேல்தட்டு. முள் எடுக்கும் குச்சியும் கத்தரியும் வலது ஓரம், மீன் கையில் துள்ளும்போது தேட நேரமிருக்காது. உபரித் தங்கூசி அடித்தட்டில், வெயில் பட்டால் இற்றுவிடும். இரையாக மாட்டும் ரப்பர் புழுக்களைத் தனிப் பையில் போட்டேன். சிலது மற்ற பிளாஸ்டிக்கோடு சேர்ந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும், ஒரு பெட்டியின் அடித்தட்டே எனக்கு அப்படிப் போயிருக்கிறது. ஈர முள்ளை வைத்து மூடினால் பக்கத்திலிருப்பதும் துருப்பிடிக்கும் என்பதால், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் அறைக்கு ஒன்று. கடைசியில் அப்பா உள்ளே போய்த் தன் பழைய சாவணத்தைக் கொண்டுவந்து குச்சிக்குப் பக்கத்தில் வைத்தார். பட்டறையில் முத்து பிடித்த சின்ன இடுக்கி அது. வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

அடுக்கியதைச் சோதிக்காமல் எப்படி? இன்று விடிகாலை இருவரும் மூக்கனேரிக்குப் போனோம். 2010-க்கு அப்புறம் ஏரியைச் சுத்தம் பண்ணி, நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். இப்போது அவை முழுக்கக் கொக்கும் நாரையும். சேர்வராயன் மலையில் மேகம் கலையுமுன் அப்பாவின் தக்கை அமுங்கியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீன். பார்க்காமலே கையை நீட்டினார், சாவணம் சரியாக விரலில் வந்தது. முள்ளை எடுத்துவிட்டு, கையை ஏரியில் நனைத்து மீனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

விடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உங்கம்மா புளி கரைச்சு வெச்சிருக்கா" என்று பைக்குள் போட்டார்.