கூழாங்கல்லிலிருந்து மணலுக்கு

வீட்டிலுள்ள இரண்டடி நன்னீர் மீன் தொட்டியில் இதுவரை கிடந்த கூழாங்கற்களை எடுத்துவிட்டு, மெல்லிய மணலைப் பரப்பி, உயிருள்ள செடிகளை நட்டு, புதிய மீன்களையும் விட்டிருக்கிறேன். பார்ப்பவர்கள் தொட்டியின் அழகைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் மணலுக்கு மாறியதோ முழுக்க முழுக்க கோரிடோரஸ் மீன்களுக்காக.

கோரிடோரஸ் தென்னமெரிக்காவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் அடிமட்டத்தில் வாழும் சிறு கெளுத்தி இனம். வாயோரத்து மீசைகளால் தரையைத் தடவித் தடவி இரை தேடுவது அதன் இயல்பு. மணல் கிடைத்தால் முகத்தைக் கண் வரைக்கும் புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, உண்ணத்தக்கதைச் சலித்து எடுத்துக்கொண்டு, மீதியைச் செவுள்களின் வழியே வெளியே விடும். இரு பக்கமும் மணல் மெல்லிய புகைபோலக் கசிந்து இறங்குவதைக் கண்ணாடிக்கு அருகில் அமர்ந்தால் தெளிவாகப் பார்க்கலாம். பருமனான கற்களின் மேல் இந்த வேலை நடக்காது. உணவுத் துணுக்குகள் கல்லிடுக்கில் விழுந்து அங்கேயே அழுகும். கல்லின் கூர்முனையும் அந்த அழுக்கும் சேர்ந்து மீசையைப் புண்ணாக்கித் தேயவைத்துவிடும்.

கற்களை எடுப்பதில்தான் மிகுந்த நிதானம் தேவைப்பட்டது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை மீண்டும் அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பிலும் படிந்திருக்கின்றன. எல்லாக் கற்களையும் வெளியே கொட்டினால் அந்தப் பாக்டீரியாக்களில் ஒரு பெரும்பகுதியும் சேர்ந்தே போய்விடும். அதனால் ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து வைத்திருந்தேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கக்கூடும் என்பதால் அதில் பஞ்சை அலசவே இல்லை. எடுத்த கற்களில் ஒரு பங்கை வலைப்பையில் கட்டித் தொட்டியின் மூலையில் போட்டேன். புதிய மணலில் பாக்டீரியா குடியேறும் வரை, அதாவது நான்கைந்து வாரங்களுக்கு, அந்தப் பை அங்கேயே இருப்பது நல்லது.

மணலைப் பொறுத்தவரை கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம்; அதிலுள்ள உப்பும் சிப்பித் துகள்களும் தண்ணீரின் தன்மையையே மாற்றிவிடும். எந்த மணலானாலும் அதன்மேல் சில துளி வினிகரை விட்டுப் பார்க்கலாம். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று பொருள், அது தண்ணீரைக் கடினமாக்கும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள அடிப்பரப்பில் 4 செ.மீ. உயரத்துக்கு மணல் போட ஏறத்தாழ 7 லிட்டர், எடையில் சுமார் 11 கிலோ தேவைப்படும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மேலே நிற்கும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதில் காட்டும் பொறுமைதான் பிறகு தொட்டி கலங்கிக் கிடக்காமல் காக்கிறது. தண்ணீர் நிரப்பும்போது மணலின்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது மெதுவாக ஊற்றினால் பள்ளம் விழாது. மணலை அளவுக்கு மீறி ஆழமாகப் போடுவதும் சரியல்ல. காற்றுப் புகாமல் இறுகிய அடியில் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு சேரக்கூடும்.

செடிகளில் பின்வரிசைக்கு வாலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகோரைன், மரக்கட்டையின்மேல் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் என்று முடிவு செய்தேன். மணலில் சத்து எதுவும் இல்லாததால், வேரால் உணவெடுக்கும் முதலிரண்டு செடிகளின் அருகிலும் உர மாத்திரைகளைப் புதைத்தேன். மற்ற இரண்டையும் மணலில் நடவே கூடாது. படுக்கையாக வளரும் அவற்றின் தடித்த தண்டு புதைந்தால் அழுகிவிடும் என்பதால் கட்டையில் நூலால் கட்டினேன். இடம் மாறிய கிரிப்டோகோரைன் இலைகள் முழுவதும் கூழாகிக் கரைவதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று பலர் பிடுங்கி எறிகிறார்கள். அவசரப்பட வேண்டாம், வேர் உறுதியாக இருந்தால் புதிய தளிர் வரும். விளக்கை ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் மட்டுமே எரியவிடுகிறேன், அதற்கு மேல் போனால் செடிகளை முந்திக்கொண்டு பாசிதான் வளரும்.

அமோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூஜ்யமாக இருப்பதைச் சோதித்து உறுதி செய்துகொண்ட பிறகே புதிய மீன்களை விட்டேன். அதுவரை அவை தனித் தொட்டியில் இருந்தன. கடையிலிருந்து வரும் மீனை இரண்டு முதல் நான்கு வாரங்கள் தனியாக வைத்துக் கவனிப்பது, வெண்புள்ளி நோய் போன்றவை முதன்மைத் தொட்டிக்குள் நுழைவதைத் தடுக்கும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கோரிடோரஸிலும் பாண்டா வகையையே எடுத்தேன், 5 செ.மீ. அளவுக்கே வளரும், இந்தத் தொட்டிக்கு அளவானது. கூட்டமாக வாழும் மீன் என்பதால் ஆறுக்குக் குறையாமல் வைப்பதே அதற்குச் செய்யும் நியாயம். நடுமட்டத்துக்கு நியான் டெட்ராக்கள். இரண்டு மீன்களுமே 24 டிகிரி செல்சியஸில் நன்றாக இருக்கின்றன. கோரிடோரஸ் அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கி இறங்குவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. குடல் வழியாகவும் அது ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆனால் எல்லா மீன்களும் ஒன்றாக மேற்பரப்பில் திணறினால் உடனே தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

தொட்டியில் இன்னும் இடமிருக்கிறதே, இரண்டு ஏஞ்சல் மீன்கள் விட்டால் எடுப்பாக இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். ஏஞ்சல் வளர்ந்ததும் நியான்களை இரையாக்கிவிடும், அதன் உயர்ந்த துடுப்புகளுக்கு என் தொட்டியின் உயரமும் போதாது. ஆகவே ஏஞ்சல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இனி வாங்குவதானால் இன்னும் சில கோரிடோரஸ்களைத்தான் வாங்குவேன், அதுவும் செடிகள் நன்றாக வேர் பிடித்த பிறகே.