விளக்கு வைக்கிற நேரத்துக் கடி

குதிரை பிடரியைத் தூணில் தேய்த்துத் தேய்த்து மயிரை உதிர்த்தால் நம்ம நெல்லைப் பக்கம் முதலில் வரும் வைத்தியம், “சூடு அண்ணாச்சி, நல்லெண்ணெய் தடவுங்க.” உடம்பெல்லாம் தடித்துப்போனால் ‘காணாக்கடி’. கடித்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் அந்தப் பெயர். பார்க்காவிட்டாலும் கண்டுபிடிக்கலாம்: உடம்பில் எந்த இடம், நாளில் எந்த நேரம், இந்த இரண்டும் போதும்.

பிடரி, தோள்மேடு, வாலடி, அடிவயிற்றின் நடுக்கோடு. இந்த இடங்களில் அரிப்பு என்றால் பெரும்பாலும் கியூலிக்காய்டஸ் என்ற குட்டிக் கொசு ஈதான். 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே இனம் என்பதால் ஆடு மேய்க்கும் கீதாரிகளுக்குப் பழைய விரோதி. அது கடிப்பதைவிட அதன் எச்சில்தான் பிரச்சினை. எச்சிலில் உள்ள புரதங்களைச் சில குதிரைகளின் உடம்பு பகையாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரே லாயத்தில் நாலு குதிரைக்கு ஒன்றுமில்லாமல் ஒன்று மட்டும் ரத்தம் வரத் தேய்க்கும். இது தொற்று இல்லை. ஆனால் வம்சத்தில் வரும். பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் தலைகாட்டி, வருஷத்துக்கு வருஷம் கூடும். கவனிக்காமல் விட்டால் வால் எலிவாலாகும், பிடரித்தோல் மடிப்பு மடிப்பாகத் தடிக்கும்.

வாலடியை மட்டும் தேய்த்து, பிடரி சுத்தமாக இருந்தால் முதலில் ஆசனவாயில் கீரிப்பூச்சி முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கால்களில் பட்டப்பகலில் கடித்து, குதிரை ஓயாமல் காலை உதைத்தால் அது சாணமும் ஈர வைக்கோலும் கலந்த குப்பையில் பெருகும் கடி ஈ. காதுக்குள்ளே பொருக்குத் தட்டினால், ஓடும் தண்ணீரில் வளரும் கருப்பு ஈயைச் சந்தேகியுங்கள்; தாமிரபரணிக் கரையோர லாயங்களில் இதையும் நினைவில் வையுங்கள். கொசு ஈக்கோ ஓடாத சேற்றுத் தண்ணீர் வேண்டும். நெல்வயல், குளத்துக் கரை, தண்ணீர்த் தொட்டி வழிந்து நிற்கும் சகதி.

ஊருக்கு ஊர் தொந்தரவு வேறுபடுவதற்கும் காரணம் உண்டு. இந்தப் பூச்சி நன்றாகப் பறக்கத் தெரியாதது. காற்று வீசினால் அடங்கிவிடும். பணகுடி, ராதாபுரம் பக்கம் ஆடிக்காற்றில் காற்றாலை சுற்றும்போது குதிரை நிம்மதியாக நிற்கும். அதே மாதத்தில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல்களில் கார் பயிருக்குத் தண்ணீர் நிற்கும்; காற்று மறைந்த மூலைகளில் கடி ஓயாது. ஐப்பசி மழைக்குப் பிறகு பிசான நெல் பருவத்தில் எல்லாப் பக்கமும் கவனம் தேவை.

ஆகவே செலவில்லாத முதல் வைத்தியம், நேரத்தை மாற்றுவது. மாலை 5 மணிக்குள் லாயத்தில் அடைத்து, காலையில் வெயில் ஏறிய பிறகு அவிழ்ப்பது. விளக்கு வைக்கிற நேரமும் விடியற்காலையும்தான் கொசு ஈக்கு விருந்து நேரம். குதிரையின் மேல் காற்றுப் படும்படி ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள். வயர் வாய்க்கு எட்டக் கூடாது. சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் கொசு ஈ நுழைந்துவிடும். கழுத்தும் வயிறும் மூடுகிறாற்போல் மெல்லிய பருத்தித் துணி தைத்துப் போடலாம். நம் வெயிலுக்குக் கனத்த போர்வை ஆகாது. சாணத்தைத் தினம் அள்ளி, தொட்டியடிச் சகதியில் மணல் கொட்டுங்கள்.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் பூசலாம். பூசிய குதிரையை ஆற்றிலோ குளத்திலோ குளிப்பாட்டாதீர்கள், மீன் செத்துப்போகும். மண்ணெண்ணெய், டீசல் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே புண்ணான தோலை அது எரிக்கும். அரிப்பு அடங்க ஸ்டீராய்டு ஊசி வேகமாகக் கேட்கும், ஆனால் குளம்புக்குள் அழற்சி வரவழைக்கும் அபாயம் உண்டு. வாரத்துக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போகிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

தேனீ, கடந்தைக் குளவி கொட்டுவது வேறு விவகாரம். நிமிஷங்களில் தடிப்பு எழும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றால் அது ஒவ்வாமைத் தடிப்பு. சாப்பிட்டு, சாதாரணமாக நின்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வடியும். தேனீ கொடுக்கை விட்டுப்போகும், கடந்தை விடாது. கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்தெடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம். பிறகு குளிர்ந்த தண்ணீர், 15 நிமிஷம். சுண்ணாம்பைக் கண், மூக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பயப்பட வேண்டியது மூக்கு வீங்கினால். குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது. மூக்கு அடைத்தால் மூச்சே இல்லை. 20 மில்லி சிரிஞ்சின் முனையை வெட்டி, விளிம்பை மழுக்கி, எண்ணெய் தடவி, வீக்கம் முற்றுவதற்குள் நாசிக்குள் செருகிப் பிளாஸ்திரி ஒட்டலாம். ஓய்வில் குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இவை எகிறி, ஈறு வெளுத்து, வியர்த்துத் தள்ளாடினால் அது உயிர்ப் பிரச்சினை. அப்போது வேண்டியது அட்ரினலின்: 1 மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள மருந்து, 300 கிலோ குதிரைக்குச் சுமார் 3 மில்லி, தசையில், மருத்துவர் கையால். 1962-க்கு போன் போட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. அழைக்கும்போது குதிரையின் எடை, கொட்டிய நேரம், நாடி எண்ணிக்கை மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டுத் தெளிந்தாலும் அன்று ராத்திரி யாராவது கூட இருக்க வேண்டும்; சில மணி நேரம் கழித்து அதே ஒவ்வாமை மறுபடி திரும்புவதுண்டு.