பத்தமடை தாண்டாத வண்டி

என்னிடம் இருப்பது 2009ஆம் ஆண்டில் வாங்கிய 150 சிசி வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்தது. சென்ற சித்திரையில் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் போகும் வழியில், முன்னீர்பள்ளமும் தருவையும் கடந்து பத்தமடையை நெருங்கியபோது, எஞ்சின் திடீரென்று நின்றுவிட்டது. ஓரங்கட்டி வேப்பமர நிழலில் கால் மணி நேரம் நின்றுவிட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் வீரவநல்லூருக்குள் நுழைவதற்குள் மறுபடியும் நின்றது. முதல் முறை இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டி அடுத்த முறை அதில் பாதிகூட ஓடவில்லை என்பதை அன்றைக்கே யோசித்திருந்தால் ஐந்து மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பட்டறையில் விட்டேன். பிளக் மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்த மெக்கானிக், “அண்ணாச்சி, வண்டி இங்க நல்லாத்தான ஓடுது, நீங்க சொல்லுத மாதிரி ஒருக்கா கூட நிக்கலையே” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. விட்டுவிட்டு வரும் கோளாறு பட்டறை வாசலில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஆனி பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று இறங்கத் தொடங்கியதும் வண்டி ஒழுங்காக ஓடியது. கார்புரேட்டரைக் கழுவியதன் பலன் என்று நானும் நம்பினேன். புரட்டாசி வெயில் வந்ததும் பழைய கதை திரும்பியது. காற்று குளிர்ந்திருந்தவரை ஒளிந்திருந்து, வெயிலோடு கூடவே திரும்பி வந்த குறைக்குச் சூடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த முறை பட்டறைக்குப் போகாமல், பிளக் ஸ்பேனர், ஒரு பழைய பிளக், மல்டிமீட்டர் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டி நிற்க வேண்டும் என்பதற்காகவே உச்சிவெயிலில் அதே சாலையில் ஓட்டினேன். முதலில் கவனிக்க வேண்டியது எஞ்சின் எப்படி நிற்கிறது என்பது. பெட்ரோல் போதாமல் நின்றால் அது திணறும், இழுவை குறையும், முக்கி முனகிக் கொஞ்ச தூரம் போய்த்தான் ஓயும். என் வண்டி சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றது. அதைவிடப் பெரிய தடயம், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள். கிளட்சைப் பிடிக்காமல் கியரிலேயே வண்டி உருண்டுகொண்டிருக்க, எஞ்சின் சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் முள் நேரே பூஜ்யத்தில் விழுந்தது. என் வண்டியில் அந்த முள்ளுக்கு அளவு, பொறி உண்டாக்கும் இக்னிஷன் பக்கமிருந்து மின்சாரமாகத்தான் வருகிறது; அப்படியானால் குறை அந்தப் பக்கம்தான். விளக்கும் ஹாரனும் வேலை செய்ததால் பேட்டரி, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் மூன்றையும் சந்தேகப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஆனாலும் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. திறந்தவுடன் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும். அப்படி எதுவும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எந்த வண்டி நின்றாலும் எத்தனால் கலந்த பெட்ரோலின் தலையில் பழியைப் போடுகிறோம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கால் மணி நேரம் நிழலில் நிறுத்தினால் தானாகச் சரியாகிற கோளாறு அதனால் வருவதில்லை.

பழைய பிளக்கை பிளக் வயரின் கேப்பில் செருகி, பெட்ரோல் ஆவி வரும் இடத்திலிருந்து தள்ளி, எஞ்சினின் வெற்று உலோகத்தில் ஒட்டவைத்து உதைத்தேன். கரண்ட் இல்லை. எஞ்சின் மேக்னெட் கவரிலிருந்து வரும் பல்சர் காயிலின் சாக்கெட்டைப் பிரித்து (பல்சர் என்ற வண்டியின் பெயருக்கும் இந்தக் காயிலுக்கும் சம்பந்தமில்லை) மீட்டரை வைத்தேன். காலையில் வீட்டில், குளிர்ந்த நிலையில், 220 ஓம் காட்டிய இடம் அது. இப்போது திரையின் இடது ஓரத்தில் ‘1’ மட்டும் தனியாக நின்றது; என்னுடையதைப் போன்ற மலிவு மீட்டர்களில் சுற்று அறுந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். மீட்டரின் முனைகளை எடுக்காமல், சாலையோரக் கல்லில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நிமிடம் இருக்கும். ‘1’ ஒரு தடவை துடித்து மறைந்து, 231 என்று எண் வந்தது. சாக்கெட்டை மறுபடி மாட்டி உதைத்தேன், பிளக் நுனியில் நீலப் பொறி தெறித்தது.

முடியளவு மெல்லிய அந்தச் செம்புக் கம்பி உள்ளே எங்கோ விண்டிருக்கிறது. எஞ்சின் சூட்டில் சுற்று விரியும்போது விண்ட முனைகள் விலகி, ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்கின்றன. அந்தக் காயில்தான் பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று, பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் சிடிஐ பெட்டிக்குச் சொல்வது. அது வாயை மூடிக்கொண்டால் மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. குளிர்ந்த நிலையில் மட்டும் அளந்திருந்தால் நானும் ‘காயில் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவைத்துவிட்டு அடுத்ததாக சிடிஐயை மாற்றியிருப்பேன்.

புதுக் காயிலைத் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் வாங்கி, அதே மெக்கானிக்கிடமே கொடுத்துப் பூட்டினேன். மேக்னெட்டின் மேட்டுக்கும் காயிலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். அதை அவர் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே கவரை மூடவிட்டேன். கேஸ்கட்டும் புதிது. பச்சை பூத்திருந்த சாக்கெட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்தார். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாபநாசம் வரை நிறுத்தாமல் ஓட்டினேன். பத்தமடையில் மட்டும் சாலையைவிட ஆர்பிஎம் முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். அது அசையாமல் நாலாயிரத்தில் நின்றது.